கொற்கையைக் கடல் கொள்ளவில்லை

பெரம்பலூருக்குத் தெற்கே, காரை என்ற ஊரின் வெளிப்புறத்தில், புல்கூட ஒழுங்காக முளைக்காத நிலம் ஒன்று விரிந்து கிடக்கிறது. மழைநீர் அரித்து அரித்து மேடும் பள்ளமுமாகப் பிளந்துபோன களிமண் தரை. நடுநடுவே ஜிப்சம் படலங்கள் வெயிலில் கண்ணாடிச் சில்லுபோல் மின்னும். குனிந்து பார்த்தால் விரல் நீளத்தில் கூர்மையான கற்கள், சீவிய பென்சில் முனைகளைப் போலக் கிடக்கும். பெலம்னைட் என்ற கடலுயிரியின் உட்கூடு அது. இன்றைய கணவாய்க்குத் தூரத்து உறவு. கண் பழகிவிட்டால் நத்தைபோல் சுருண்ட அம்மோனைட்டும் அகப்படும். நான் குனிந்து குனிந்து பொறுக்குவதைப் பார்த்துக்கொண்டிருந்த ஆடு மேய்க்கும் பெரியவர் ஒருவர் சொன்னார்: "எடுத்துத் தீராதுங்க. மழைக்கு மழை புதுசா முளைக்குது." அரிமானம் என்ற சொல் இல்லாமலே அரிமானத்தை விளக்கியாயிற்று.

அந்த இடத்திலிருந்து நேர் கிழக்கே போனால் கடலைத் தொட ஏறத்தாழ 100 கிலோமீட்டர். அங்கே கணவாயின் உறவினருக்கு என்ன வேலை என்ற கேள்வி 1840களிலேயே எழுந்துவிட்டது. கேய், கன்லிஃப் என்ற இரு ஆங்கிலேயர் திருச்சி, புதுச்சேரி வட்டாரங்களில் சேகரித்த புதைபடிவங்களை எட்வர்ட் ஃபோர்ப்ஸ் ஆராய்ந்து 1846இல் விவரித்தார். அதன்பின் இந்தியப் புவியியல் ஆய்வுத்துறையின் ஹென்றி பிளான்ஃபோர்டு இங்குள்ள பாறை அடுக்குகளை ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என மூன்று தொகுதிகளாகப் பிரித்தார். ஃபெர்டினாண்ட் ஸ்டோலிச்கா பல ஆண்டுகள் உட்கார்ந்து அவற்றிலுள்ள உயிரினங்களைப் பெருந்தொகுதிகளாக வகைப்படுத்தி எழுதினார். ஊட்டத்தூரை நம் மக்கள் கோயிலுக்காக அறிவார்கள். உலகின் புவியியல் நூலகங்கள் அதைச் சிப்பிகளுக்காக அறியும்.

அந்த அடுக்குகளைக் கீழிருந்து மேலாக வாசித்தால், ஏறத்தாழ 11 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கி 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன்பு வரை, கடல் பலமுறை உள்ளே வந்து பலமுறை பின்வாங்கியது தெரிகிறது. காரைக் களிமண் ஓரளவு ஆழமான, அமைதியான கடலின் அடிச்சேறு. கருடமங்கலத்தில் சிப்பிகளும் நத்தைகளும் நெருக்கியடித்துக் கல்லாகிக் கிடப்பது ஆழமற்ற கடலோரத்தின் அடையாளம். சாத்தனூரில் 1940இல் எம். எஸ். கிருஷ்ணன் கண்டறிந்த கல்மரம் 18 மீட்டர் நீளம். சுற்றிலும் கடற்படிவுகள் இருக்க, நடுவே ஒரு மரம் எப்படி வந்தது? ஆற்றோடு அடித்துவரப்பட்டுக் கடற்சேற்றில் புதைந்திருக்கிறது. அப்படியென்றால் கரை வெகு தொலைவில் இல்லை. இன்னும் மேலே, கள்ளமேட்டுப் படிவுகளில் டைனோசர் எலும்புகள் கிடைத்தன. அந்தக் கட்டத்தில் கடல் விலகி, ஆறு பாயும் நிலமாகிவிட்டிருக்கிறது. ஒரே வட்டாரத்துக்குள் நான்கு கோடி ஆண்டுகளின் கரைகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைக்கப்பட்டிருக்கின்றன.

இப்படிப்பட்ட கடலேற்றத்துக்குத் தமிழில் சட்டென்று நினைவுக்கு வரும் சொல் 'கடல்கோள்'. அழகான சொல், ஆனால் ஆய்வுக்கு உதவாத அளவுக்குப் பெரிய பை. அதற்குள் ஒரு நாள் ஆழிப்பேரலையும் போகிறது, பத்தாயிரம் ஆண்டுப் பனியுருக்கமும் போகிறது, பத்துக் கோடி ஆண்டு நிலப்பெயர்ச்சியும் போகிறது. கரை மாறியது என்றால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி: நகர்ந்தது நீரா, நிலமா? இரண்டாவது: எவ்வளவு காலத்தில்? இந்த இரண்டையும் கேட்காமல் எழுதப்பட்டவைதான் நம் கடற்கரை வரலாற்றில் பாதிக் குழப்பத்துக்குக் காரணம் என்று நினைக்கிறேன்.

நிலமும் நகரும் என்பதை ஐரோப்பா தாமதமாகவே ஒப்புக்கொண்டது. வெப்பமானியால் நாம் அறிந்த ஆண்டர்ஸ் செல்சியஸ் 1731இல் சுவீடன் கடலோரப் பாறை ஒன்றில் நீர்மட்டத்தைக் கோடு கீறி வைத்தார். பின்னால் பார்த்தவர்களுக்கு நீர் கோட்டுக்குக் கீழே போயிருந்தது. கடல் வற்றிக்கொண்டு வருகிறது என்று செல்சியஸ் முடிவு கட்டினார். உண்மையில் பனியுகத்தில் கிலோமீட்டர் கணக்கான பனிச்சுமையால் அழுந்திக் கிடந்த ஸ்காண்டிநேவிய நிலம், சுமை போனபின் மெல்ல மெல்ல எழும்பிக்கொண்டிருக்கிறது. பாத்னியா வளைகுடாப் பக்கம் ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டருக்குச் சற்றே குறைவு. அளவெடுத்தவர் பிழை செய்யவில்லை, அளவுகோலே நகர்ந்துவிட்டது. மறுபுறம், எட்வர்ட் சூயஸ் என்ற ஆஸ்திரியப் புவியியலாளர் வேறொன்றைக் கவனித்தார். வெவ்வேறு கண்டங்களில் ஒரே காலத்துக் கடற்படிவுகள் நிலத்தின்மேல் ஏறிக் கிடக்கின்றன. எல்லாக் கண்டமும் சொல்லிவைத்தாற்போல ஒரே நேரத்தில் தாழ்ந்திருக்க முடியாது, கடலே உயர்ந்திருக்க வேண்டும் என்று 1888இல் வாதிட்டார்.

நம் அரியலூர்க் கடலில் இரண்டுமே நடந்தன. சுமார் 13 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்தியா அண்டார்க்டிகாவோடு ஒட்டியிருந்த கோண்டுவானாவிலிருந்து பிய்ந்துகொண்டு புறப்பட்டபோது, கிழக்கு ஓரம் விரிந்து, உடைந்து, பள்ளங்களாக இறங்கியது. அவற்றின் தொகுப்பே காவிரிப் படுகை. அரியலூர், தரங்கம்பாடி, நாகப்பட்டினம், மன்னார் என்று வரிசையாக நிலத்தடித் தொட்டிகள். அப்போது நாம் நிலநடுக்கோட்டுக்கு வெகு தெற்கே இருந்தோம். தொட்டி இறங்கிய அதே காலத்தில் உலகக் கடல்மட்டமும் உச்சத்தில் இருந்தது. இன்றைய மட்டத்தைவிட 100 முதல் 250 மீட்டர் வரை உயர்வு என்பது ஆய்வாளர் கணிப்புகளின் எல்லை. துருவங்களில் பெரிய பனிப்பாளம் கிடையாது. அதைவிட முக்கியமாக, கடலடியில் புதுப் பாறை வேகமாகப் பிறந்துகொண்டிருந்தது. புதிதாய்ப் பிறந்த கடல்தரை சூடாக, உப்பலாக இருக்கும். ஆறிய பழைய தரை அமிழ்ந்திருக்கும். புதுத் தரை அதிகமானால் கடற்கிண்ணத்தின் கொள்ளளவு குறையும், தண்ணீர் விளிம்பைத் தாண்டி வழியும். அண்டாவுக்குள் கல்லைப் போட்டால் என்ன ஆகும், அதுதான்.

நம் வீடுகளுக்குள்ளேயே ஒரு பழங்கடல் இருக்கிறது. பூசையறையில் சாளக்கிராமம் வைத்திருப்பவர்கள் வைத்திருப்பது, கண்டகி ஆறு இமயமலையிலிருந்து உருட்டிக் கொண்டுவந்த அம்மோனைட் கல். அதிலுள்ள சக்கரம் அந்த உயிரியின் சுருள் ஓடு. ஏறத்தாழ 15 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்தியாவுக்கும் ஆசியாவுக்கும் நடுவே இருந்த டெதிஸ் கடலின் அடியில் படிந்தது. இந்தியா வடக்கே போய் மோதியதில் கடல் மறைந்து, அதன் தரை மலையாக எழுந்தது. இங்கே கடல்மட்டம் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. கடலின் தரையையே தூக்கி வானத்தில் வைத்தாயிற்று. கடல்நீர் உயர்ந்ததால் இமயத்தில் சிப்பி வந்தது என்று யாராவது சொன்னால், அந்தப் பிழை நமக்கு உடனே தெரிகிறது. கடல் கொண்டதாகச் சொல்லப்படும் பூம்புகாரைப் பற்றிப் பேசும்போது மட்டும் தெரிவதில்லை.

'கடல்மட்டம்' என்ற சொல்லிலேயே ஒரு பொய் ஒளிந்திருக்கிறது என்பதையும் இங்கே சொல்லிவிடலாம். கடல் மட்டமாக இல்லை. பூமிக்குள் பாறையின் அடர்த்தி இடத்துக்கு இடம் மாறுவதால் ஈர்ப்பும் மாறுகிறது. ஈர்ப்பு கூடிய இடத்தில் நீர் குவிகிறது, குறைந்த இடத்தில் தாழ்கிறது. உலகிலேயே மிக ஆழமான தாழ்வு எங்கே தெரியுமா? குமரிமுனைக்கும் இலங்கைக்கும் தெற்கே, இந்தியப் பெருங்கடலில். ஒழுங்கான நீள்கோளமாகப் பூமியைக் கற்பனை செய்தால், அங்கே கடற்பரப்பு அதைவிட 106 மீட்டர் கீழே இருக்கிறது. டச்சு அறிவியலாளர் வெனிங் மைனெஸ் 1948இல் கப்பலில் ஈர்ப்பை அளந்தபோது இது தெரியவந்தது. 2023இல் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் ஆய்வாளர்கள் இதற்கு ஒரு விளக்கம் வெளியிட்டார்கள்: டெதிஸ் கடலின் பழைய தரை பூமியின் உட்பகுதிக்குள் அமிழ்ந்துபோனது, அங்கிருந்த சூடான பாறைப்பொருளைக் கிளறிவிட்டது; அடர்த்தி குறைந்த அந்தப் பொருள் மேலெழுந்து இப்பகுதியின் கீழே பரவியிருக்கிறது என்பது அதன் சாரம். சாளக்கிராமத்தைத் தந்த கடல், செத்தபின்னும் நம் தென்கடலைக் குழித்து வைத்திருக்கிறது.

கோடிகளை விட்டு ஆயிரங்களுக்கு வருவோம். மனிதர்கள் கண்ணால் பார்த்த கடல்மாற்றம் இங்கேதான் இருக்கிறது. ஏறத்தாழ 26,000 முதல் 19,000 ஆண்டுகளுக்கு முன்பு வரை கடைசிப் பனியுகத்தின் உச்சம். வட அமெரிக்காவின் மேல் மட்டும் சில இடங்களில் 3 கிலோமீட்டர் தடிமனுக்குப் பனி. அந்தத் தண்ணீரெல்லாம் கடலிலிருந்து எடுத்தது. கடல் 120 முதல் 130 மீட்டர் இறங்கியிருந்தது. பார்படோஸ் தீவில் கடலடியைத் துளைத்தெடுத்த பவளப்பாறைகளைக் கொண்டு ரிச்சர்டு ஃபேர்பேங்ஸ் 1989இல் வெளியிட்ட ஆய்வு இந்தக் கணக்குக்கு உறுதியான அடித்தளம் போட்டது. சில பவளங்கள் நீர்ப்பரப்பை ஒட்டியே வளர்பவை. அவை எந்த ஆழத்தில், எந்த வயதில் கிடைக்கின்றன என்று பார்த்தால், கடல் எப்போது எங்கே நின்றது என்பது தெரிந்துவிடும்.

அன்றைய தமிழ்க் கரையை வரைந்து பார்க்க இன்றைய கடலாழ வரைபடம் போதும். பாக் நீரிணையும் பாக் விரிகுடாவும் பெரும்பாலும் 15 மீட்டருக்கு உட்பட்ட ஆழம்தான். கடல் 120 மீட்டர் இறங்கினால் அது முழுக்கத் தரை. கோடியக்கரையிலிருந்து யாழ்ப்பாணம் வரை கால் நனையாமல் போகலாம். குமரிமுனைக்குத் தென்மேற்கே மீனவர்கள் வலைவீசும் வெட்ஜ் பேங்க் என்ற பெரிய மீன்திட்டு, அன்று பல பத்துக் கிலோமீட்டர் நீண்டு கிடந்த சமவெளி. மன்னார் வளைகுடாவில் முத்துக்குளிப்போர் 'பார்' என்று சொல்லும் கடலடித் திட்டுகளும், அன்று வெயில் பட்டுக் காய்ந்த மேடுகள்.

தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கத்துத் தேரிக்காடுகளை அறிந்தவர்களுக்கு இன்னொரு சாட்சி கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்கிறது. குதிரைமொழித் தேரியின் செம்மணலில் நின்று பார்த்தால், பனையும் முந்திரியும் தவிர வேறெதுவும் வேரூன்றத் தயங்கும் ஒரு சிவந்த கடல் தெரியும். இந்த மணலைக் காற்று குவித்தது. ஒளியூட்டுமுறைக் கணிப்புகள் பெருமளவு மணல் ஏறத்தாழ 11,000 ஆண்டுகள் தொடங்கி 5,000 சொச்சம் ஆண்டுகளுக்கு முன்பு வரை குவிந்ததாகக் காட்டுகின்றன. அதாவது கடல் திரும்பி ஏறிக்கொண்டிருந்த காலம். தேரிகளில் நுண்கற்கருவிகள் நிறையக் கிடைக்கின்றன. ஃபிரெட்ரிக் ஸாய்னர், பிரிட்ஜெட் ஆல்ச்சின் இருவரும் 1956இல் எழுதிய கட்டுரையில் இந்தக் கருவிகளின் காலத்தைப் பழைய கடல்மட்டங்களோடு இணைத்துக் கணிக்க முயன்றார்கள். அவர்கள் தந்த ஆண்டுக்கணக்கில் இன்று திருத்தங்கள் வந்திருக்கலாம். மணல்மேட்டையும் கருவியையும் கடலையும் ஒரே கேள்வியாகப் பார்த்த அந்த முறைதான் பெரிது. தேரிக் கருவிகளைச் செய்தவர்கள் கடல் ஏறியதைக் கண்டிருக்க வேண்டிய மனிதர்கள்.

இலங்கைத் தரைப்பாலத்தைப் பற்றி ஒரு வியப்பு. பனியுகம் என்பது ஒருமுறை வந்தது அல்ல; கடந்த சில இலட்சம் ஆண்டுகளில் கடல் திரும்பத் திரும்ப இறங்கி ஏறியிருக்கிறது. ஆகவே இந்தியாவும் இலங்கையும் திரும்பத் திரும்ப இணைந்தன. யானை, சிறுத்தை, கரடியெல்லாம் நடந்தே போயிருக்கும். ஆனால் தவளைகள், நன்னீர் நண்டுகள், நன்னீர் மீன்கள் போன்றவற்றின் மரபணுக்களை ஒப்பிட்ட ஓர் ஆய்வு 2004இல் சயன்ஸ் இதழில் வந்தது. பாலம் பலமுறை திறந்திருந்தும், இந்தச் சிற்றுயிர்களில் பெரும்பகுதி இரண்டு பக்கமும் தனித்தனியாகவே பரிணமித்திருக்கின்றன என்று அது காட்டியது. வழி இருந்தும் இவை பெரும்பாலும் கடக்கவில்லை. காரணம் எளிது: மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈரக்காட்டுத் தவளைக்கும் இலங்கையின் ஈரக்காட்டுக்கும் நடுவே கிடந்தது, இன்றைய இராமநாதபுரத்தைப் போன்ற வறண்ட சமவெளி. தண்ணீருக்குப் பதில் வறட்சியே கடலாக நின்றது.

பனி உருகத் தொடங்கியது. ஏறத்தாழ 12,000 ஆண்டுகளில் 120 மீட்டர் என்றால், சராசரி ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர். சராசரி ஏமாற்றும். ஏறத்தாழ 14,500 ஆண்டுகளுக்கு முன், தாஹிதித் தீவுப் பவளங்களின் சாட்சிப்படி, 350 ஆண்டுகளுக்குள் 14 முதல் 18 மீட்டர் உயர்ந்தது. அதாவது ஆண்டுக்கு 4, 5 சென்டிமீட்டர். இதைச் செங்குத்தாக நினைத்தால் சின்னதாகத் தெரியும். கரை படுக்கைவாட்டில் நகர்வது. 40 கிலோமீட்டருக்கு 120 மீட்டர் சரியும் ஒரு தரையில் ஒரு சென்டிமீட்டர் ஏற்றம் மூன்று மீட்டருக்கு மேல் நிலத்தை விழுங்கும். 5 சென்டிமீட்டர் என்றால் ஆண்டுக்கு 16, 17 மீட்டர். பாட்டி பார்த்த கரையில் பேரன் நிற்க முடியாது. பாக் விரிகுடா போலத் தட்டையான இடத்தில் வேகம் இன்னும் அதிகம். அந்தத் தாழ்நிலம் ஏறத்தாழ 9,000 முதல் 7,000 ஆண்டுகளுக்கு முன்புக்கு இடைப்பட்ட காலத்தில் கடலாகி, இலங்கை தீவானது.

இந்த இடத்தில் குமரிக்கண்டத்தைத் தொடாமல் போனால் தமிழ் வாசகர் என்னை மன்னிக்கமாட்டார். இரண்டு தனிச் சரடுகள் இங்கே முறுக்கிக்கொண்டுவிட்டன. ஒன்று நம்முடையது: குமரிக்குத் தெற்கே பஃறுளியாறும் நாடுகளும் கடலில் போயின என்ற மரபு. இறையனார் களவியல் உரை முச்சங்கங்களுக்கும் 4440, 3700, 1850 என்று ஆண்டு தருகிறது; சிலப்பதிகார உரையில் அடியார்க்கு நல்லார் 700 காவதமும் 49 நாடுகளும் என்று பட்டியலே போடுகிறார். மற்றது இறக்குமதி: மடகாஸ்கரிலும் இந்தியாவிலும் ஒத்த விலங்குகள் இருப்பதை விளக்க, விலங்கியலாளர் பிலிப் ஸ்கிளேட்டர் 1864இல் கற்பனை செய்த லெமூரியா என்ற மூழ்கிய கண்டம். கண்டங்கள் நகர்கின்றன என்று தெரிந்ததும் ஸ்கிளேட்டருக்குத் தேவைப்பட்ட பாலம் தேவையற்றுப் போனது. குமரிக்குத் தெற்கே கண்டத்திட்டின் விளிம்பைத் தாண்டினால் கடல் ஆயிரக்கணக்கான மீட்டர் ஆழம். அடியில் இருப்பது கடலடிப் பசால்ட் தரை. அங்கே மூழ்குவதற்குக் கண்டம் எதுவும் இருந்ததில்லை.

ஆனால் அத்தோடு கைகழுவிவிடுவதும் சரியில்லை. பல பத்துக் கிலோமீட்டர் நிலம் குமரிக்குத் தெற்கே இருந்தது, அது மூழ்கியது என்பதும் அதே கடலாழ வரைபடம் சொல்லும் செய்திதான். அந்த நினைவு வாய்வழியாகத் தப்பிப் பிழைத்திருக்க முடியுமா? 7,000 ஆண்டுக்கு ஒரு நினைவு நிற்காது என்று முன்பெல்லாம் சிரித்துவிடுவார்கள். பாட்ரிக் நன், நிக்கலஸ் ரீட் இருவரும் 2016இல் ஆஸ்திரேலியக் கரை நெடுகப் பழங்குடியினரின் கதைகளைத் தொகுத்து, பல இடங்களில் அவை 7,000 ஆண்டுகளுக்கு முந்தைய கடலேற்றத்தோடு பொருந்துவதாக வாதிட்டபின், அந்தச் சிரிப்பு கொஞ்சம் அடங்கியிருக்கிறது. அங்கே ஒரே இடத்தில் தொடர்ச்சியாக வாழ்ந்த சமூகங்கள், இடம் சுட்டிச் சொன்ன கதைகள். நம் உரையாசிரியர்கள் தந்திருப்பது பாண்டிய அரசும் புலவர் எண்ணிக்கையும். மூன்று சங்க ஆண்டுகளைக் கூட்டினால் 9,990 வருகிறது, பனியுக முடிவோடு பொருந்துகிறது என்று மகிழ்வோர் உண்டு. அந்த எண்கள் பிற்கால உரையொன்றில்தான் முதலில் எழுத்தாகின்றன. கடலைப் பற்றி அவை எதையும் அளக்கவில்லை. மரபுக்கு உள்ளே ஒரு பழைய அச்சம் இருக்கலாம் என்பதுவரை வருவேன். 49 நாடுகளை வரைபடத்தில் குறிக்கச் சொன்னால் வரமாட்டேன்.

கடல் ஏறிக்கொண்டே வந்து இன்றைய மட்டத்தில் நின்றுவிட்டது என்று நினைத்தால் அதுவும் தப்பு. நம் கரையில் அது தாண்டி ஏறியது. இராமநாதபுரம் கரையிலும் இராமேசுவரம் தீவிலும் இன்றைய நீர்மட்டத்துக்கு மேலே செத்த பவளப்பாறைகள் நிற்கின்றன. 1972இல் டேவிட் ஸ்டாடார்ட்டும் கோபிநாத பிள்ளையும் அவற்றைப் பற்றி எழுதினார்கள். கரிமக் கணிப்பு சுமார் 4,000 ஆண்டு என்றது. பவளம் காற்றில் வளராது. அன்று கடல் ஒன்றிரண்டு மீட்டர் மேலே நின்றிருக்க வேண்டும். பனி உருகி முடிந்தபின் அது ஏன் இறங்கியது? இதற்கான விடை எனக்கு எப்போதும் பிடித்தது. வடக்கே பனிப்பாளங்களின் சுமை இருந்தபோது, அவற்றைச் சுற்றியிருந்த தரை, மெத்தையில் உட்கார்ந்தால் பக்கத்தில் புடைப்பதுபோல, புடைத்திருந்தது. பனி போனபின் நடு எழும்ப, புடைப்பு அமிழ்ந்தது. அப்படிக் கடலடியில் அமிழ்ந்த பகுதிகளை நிரப்ப உலகின் மற்ற கடல்களிலிருந்து நீர் போக வேண்டியிருந்தது. நிலநடுக்கோட்டுக் கரைகளிலிருந்து மெல்ல உறிஞ்சப்பட்டது. செல்சியஸ் கோடு கீறிய பாறையும் இராமேசுவரத்துச் செத்த பவளமும் ஒரே பனியின் இரண்டு முனைகள்.

இப்போது கொற்கை. தாமிரபரணியின் வடபுறம், கடலிலிருந்து ஏறத்தாழ 6 கிலோமீட்டர் உள்ளே, வயல்களுக்கும் வாழைக்கும் நடுவே இருக்கும் ஊர். கிரேக்கப் பயண நூலான பெரிப்ளூஸ் 'கொல்கோய்' என்று சொல்வதும், முத்துக்குளிப்பில் தண்டனைக் கைதிகளை ஈடுபடுத்தினார்கள் என்று குறிப்பதும் இந்த ஊரைத்தான். அகழாய்வில் சங்கறுத்த துண்டுகள் கிடைத்தன. 1968-69 அகழாய்வின் கரித்துண்டு ஒன்று கி.மு. 785 என்று காலம் காட்டியது. அக்கசாலை என்ற இடப்பெயரில் நாணயம் அடித்த சாலையின் நினைவு ஒட்டியிருக்கிறது. துறைமுகம் என்பதற்கு எல்லாச் சாட்சியும் இருக்கிறது, கடலைத் தவிர. இராபர்ட் கால்டுவெல் 19ஆம் நூற்றாண்டில் இங்கே தோண்டிப் பார்த்து, நடந்ததைத் தெளிவாகவே சொன்னார்: தாமிரபரணி கொண்டுவந்த வண்டல் கரையைக் கிழக்கே தள்ளியது. கொற்கையை விட்டுக் கடல் போனதும், வணிகம் கீழே காயலுக்கு நகர்ந்தது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ கண்டு வியந்த காயல் அதுதான். பிறகு காயலையும் கடல் விட்டது. இன்று அது பழையகாயல். அடுத்து ஆற்றின் வாயில் புன்னைக்காயல். 16ஆம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியத் துறவி அண்ட்ரிக் அடிகளார் வாழ்ந்து தமிழ் கற்ற ஊர். கடைசியில் ஆற்று வண்டலுக்கு அப்பால் தூத்துக்குடி.

கடல் விழுங்கிய ஊர்களுக்கு நம்மிடம் காப்பியமும் புலம்பலும் உண்டு. கடல் கைவிட்ட ஊருக்கு ஒரு சொல்கூட இல்லை. கொற்கையைக் கடல் கொள்ளவில்லை. கடலை ஆறு கொண்டது. ஒரு துறைமுகத்துக்கு இரண்டும் ஒரே சாவுதான். பனி, பவளம், கண்டப்பெயர்ச்சி எதுவும் இதற்குத் தேவைப்படவில்லை. ஓர் ஆறும் சில நூற்றாண்டுகளும் போதுமாயின.

பூம்புகார் இதைவிடச் சிக்கலானது. கீழையூரில் 1960களில் தொல்லியல் துறை தோண்டியபோது படகு அணையும் செங்கல் மேடை ஒன்று வெளிப்பட்டது. படகு கட்டும் மரக்கம்புகளும் இருந்தன. இன்று அது உலர்ந்த தரையில் இருக்கிறது. அதே ஊரின் கிழக்கே, அலையடிக்கும் இடத்தில் செங்கற் கட்டுமானங்கள் நீருக்குள் கிடக்கின்றன. ஒரே நகரத்தில் படகுத்துறை நிலத்திலும் வீடு கடலிலும். கடல்மட்டம் உயர்ந்தது என்ற ஒரே காரணத்தால் இரண்டையும் விளக்க முடியாது. காவிரியின் பெருவெள்ளம் கொள்ளிடத்துக்குத் திரும்பிவிட, பூம்புகார்க் கிளை மெலிந்து, உள்ளே துறை தூர்ந்தது. வண்டல் வரவு குறைந்த கரையை வெளியே அலை தின்றது. இரண்டு மாற்றங்களுக்கும் ஓர் ஆற்றின் மனமாற்றமே மூலம் என்று எடுத்துக்கொள்வதுதான் எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. சற்றுத் தெற்கே தரங்கம்பாடியில், 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்துப் பாண்டியர் காலக் கோயிலான மாசிலாமணிநாதர் கோயிலின் முன்பகுதியை அலை கொண்டுபோனதை எவரும் போய்ப் பார்க்கலாம். இந்திர விழா நின்றதால் கடல் வந்தது என்கிறது மணிமேகலை. காரணம் ஏற்கத்தக்கதோ இல்லையோ, நிகழ்வைப் பதிவு செய்த அளவில் அது நம் பழைய கடற்கரை ஆவணங்களில் ஒன்று.

தேசியக் கடலாய்வு நிறுவனத்தார் 1990களின் தொடக்கத்தில் பூம்புகாருக்கு 5 கிலோமீட்டர் வெளியே, 23 மீட்டர் ஆழத்தில், குதிரைலாட வடிவில் ஏதோ ஒன்றைக் கண்டார்கள். உடனே பலர் கடல்மட்ட வளைகோட்டை எடுத்து, கடல் 23 மீட்டர் கீழே நின்றது 10,000 ஆண்டுகளுக்கு முன், ஆகவே இந்தக் கட்டடம் 10,000 ஆண்டு பழையது என்றார்கள். இந்தக் கணக்கில் ஒரு படி விடுபட்டிருக்கிறது. வளைகோடு அந்தத் தரை எப்போது நனைந்தது என்று சொல்லும். அந்தப் பொருள் மனிதர் கட்டியதா என்று சொல்லாது. அதற்குச் செங்கல் வேண்டும், பானையோடு வேண்டும், கரி வேண்டும்.

நம் காலத்துக் கரைமாற்றங்களில் கடல்மட்டத்தைவிட நம் கை பெரிது. நம் வங்கக்கடல் கரையில் ஆண்டு முழுவதையும் கூட்டிக் கழித்தால் மணல் தெற்கிலிருந்து வடக்கே போகிறது. 1876இல் தொடங்கிச் சென்னைத் துறைமுகத்தின் அலைத்தடுப்புச் சுவர்கள் கடலுக்குள் நீட்டப்பட்டபோது அந்த மணல் தெற்கே தேங்கியது. அப்படித் தேங்கிய மணல்தான் நாம் சுண்டல் தின்னும் மெரினாவின் அகலம். வடக்கே இராயபுரம், காசிமேட்டுக் கரைகள் பட்டினி கிடந்து தேய்ந்தன. புதுச்சேரியில் 1980களில் அதே கதை. கடற்கரைச் சாலைக்கு முன்னிருந்த மணல் போய்க் கருங்கல் வந்தது. ஓர் ஊரில் தூண்டில் வளைவு போட்டால் அடுத்த ஊர்க்காரர் மனுவோடு நிற்பது இதனால்தான். அவர்கள் ஊருக்குப் போய்ச்சேர வேண்டிய மணல் இங்கே நின்றுவிட்டது. 1934இல் முடிந்த மேட்டூர் அணைக்குப் பின்னே காவிரியின் வண்டலும் நிற்கிறது. கொற்கையைக் கடலிலிருந்து ஆறு கிலோமீட்டர் தள்ளிய அந்த ஆற்றல், இன்று நம் ஆறுகளில் பெரும்பாலும் அணைகளின் அடியில் படிந்து கிடக்கிறது.

இவற்றின் மேல்தான் புதிய ஏற்றம் வந்து சேர்கிறது. 1901 முதல் 2018 வரை உலகக் கடல்மட்டம் ஏறத்தாழ 20 சென்டிமீட்டர் உயர்ந்தது. 2006-2018 காலத்தில் வேகம் ஆண்டுக்கு 3.7 மில்லிமீட்டர். பனியுருக்கத்தின் உச்ச வேகத்தில் இது பத்தில் ஒரு பங்குகூட இல்லை என்று ஆறுதல் சொல்வோர் இருக்கிறார்கள். அன்று கரையோரத்தில் இருந்தவர்கள் கூடாரத்தைச் சுருட்டிக்கொண்டு மேடேறலாம். எண்ணூரும் நாகப்பட்டினமும் சுருட்டிக்கொண்டு எங்கே போகும்?

அரியலூருக்குத் திரும்பும் வழியில் கல்லங்குறிச்சிச் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களை எட்டிப் பார்த்தேன். வெட்டிய சுவரில் உள்ளங்கை அகலச் சிப்பிகள் வரிவரியாக இருந்தன. 7 கோடி ஆண்டுகளுக்கு முன், பெரிய பனிப்பாளமில்லாத உலகத்தின் உயர்ந்த கடலில், தண்ணீரில் கரைந்திருந்த கரியை எடுத்து ஓடாக்கிக்கொண்ட உயிர்கள். லாரிகள் அவற்றைச் சிமெண்ட் ஆலைக்கு ஏற்றிக்கொண்டிருந்தன. ஒரு டன் தூய சுண்ணாம்புக்கல்லைச் சூளையில் சுட்டால், எரிபொருளின் புகை நீங்கலாக, கல்லிலிருந்தே 440 கிலோ கரியமிலவாயு வெளியேறுகிறது. மிஞ்சுவது சிமெண்டாகி மாநிலமெங்கும் போகிறது. அதில் ஒரு பங்கு, துறைமுகங்களின் முன்னால் அலையை உடைக்கப் போடும் நாற்கால் கான்கிரீட் கட்டிகளாகி மறுபடியும் கடலுக்குள் இறங்குகிறது.